உள்ளே போட்ட தாழ்ப்பாள்

எங்கள் வீட்டில் மூன்று அறைகள் இருக்கின்றன. கட்டி முடித்த நாளிலிருந்து போன வருடம் வரைக்கும் அவற்றில் ஒரு மனிதப் பிறவியும் படுத்ததில்லை. யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருக்கிற எங்கள் ஊர் புளியங்கூடலில் இது பெரிய அதிசயமும் அல்ல. அறை என்றால் சாமான் வைக்கிற இடம். மனிதர் படுப்பது ஹோலில், பாயில், வருகிறவர் போகிறவர் எல்லோருடைய காலடியிலும். அப்பா தெற்கே ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தவர். வருடத்தில் பெரும்பகுதி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் படுத்து எழும்பியவருக்கு, கட்டிய வீடும் ஒரு களஞ்சியமாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். மூன்று அறைக் கதவுகளுக்கும் தாழ்ப்பாளை வெளிப்பக்கத்தில்தான் போடுவித்தார். உள்ளே இருக்கிற சாமான் எழும்பி ஓடிவிடக் கூடாது அல்லவா.

முதல் அறை அண்ணனுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். இரண்டாவது அறை தம்பியுடையது. அவன் லண்டனில். இரண்டு கதவிலும் ஆமைப்பூட்டுத் தொங்கியது. அவற்றைத் திறக்கிற திறப்புகள் அவரவருடன் விமானம் ஏறிவிட்டன. அண்ணனின் அறைக்குள் அவருடைய கலியாணத்துக்கு வந்த கட்டில், பொலித்தீன் உறை கழற்றாத மெத்தை, கண்ணாடி வைத்த அலுமாரி எல்லாம் இருந்தன. மூன்றாவது அறையில் வெங்காயம், பனங்கிழங்கு ஒடியல், அப்பாவின் கடைத் தராசு, கால் போன கதிரைகள். அதன் கதவு உளுத்துக் கழன்று எத்தனையோ வருடமாயிற்று. எனக்கு ஹோல்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். இந்த வீடும் எனக்கென்றுதான் கட்டப்பட்டது. அதை அண்ணனும் தம்பியும் இன்றைக்கும் மறுப்பதில்லை, பெருந்தன்மையான ஆட்கள். ஆனால் நான் கலியாணம் செய்யவில்லை. அதனால் வீடு எனக்கு எழுதப்படாமலே இருந்து, அம்மாவும் அப்பாவும் போன பிறகு பொது வீடாகிவிட்டது. பொது என்றால் அறைகள் அவர்களுக்கு, கூட்டுகிற தும்புத்தடி எனக்கு என்று அர்த்தம். நான் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசையும் அதில் பூட்டுப் போட்ட ஒரு லாச்சியும் இருந்தன. வீட்டில் அதுவும் இல்லை.

பொது வீட்டுக்கு இன்னொரு இலட்சணமும் உண்டு. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற சொந்தக்காரர் எல்லோரும் இங்கே இறங்குவார்கள். சாட்டிக் கடலில் குளிக்கப் போனவர்கள் உப்புத் தண்ணீரைக் கழுவ எங்கள் கிணற்றுக்கு வருவார்கள். எவரும் வருகிறோம் என்று சொல்லி வருவதில்லை. பொது வீட்டுக்கு வர யாரிடம் கேட்க வேண்டும்? நான் உடுப்பு மாற்றியது குசினிக் கதவுக்குப் பின்னால், ஒரு காலால் கதவை மிதித்துக்கொண்டு. ஐம்பது வயது தாண்டியும் இதுதான்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூட்டெல்லாம் முறுக்கிப் பிழிகிற காய்ச்சல். ஹோலில் பாயைப் போட்டுக் கிடந்தேன். சாட்டியிலிருந்து ஒரு வான் நிறையச் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள். ஈரத் தலையோடு என்னைச் சுற்றி நின்று கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். ஒருத்தி என் காலைத் தாண்டிப் போய் மின்விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். இன்னொருத்தி குனிந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நித்திரை இல்லை, முழிச்சுத்தான் கிடக்கிறா," என்று மற்றவர்களுக்கு அறிவித்தாள். அதற்குப் பிறகு நான் கண்ணைத் திறந்திருப்பதா மூடியிருப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அவ்வளவு கூச்சமாக இருந்தது.

காய்ச்சல் விட்ட கையோடு முடிவெடுத்தேன். எனக்கு ஓர் அறை வேண்டும். அதற்குக் கதவு வேண்டும். கதவுக்கு உட்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் வேண்டும். இவ்வளவுதான் என் திட்டம். வெங்காய அறையை ஒதுக்கி எனக்கு எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். நான் கேட்டது சம்மதம் இல்லை, தகவல் சொன்னேன். அவருக்கு அந்த வித்தியாசம் விளங்கவில்லை.

"செய், நல்லம்," என்றார். "செய்யிறதெண்டா வடிவாச் செய். சீலிங் அடி. ஏசி போடு. ஒரு அட்டாச் பாத்ரூமும் வைச்சா நாங்கள் வந்து நிண்டாலும் சுகமாயிருக்கும்."

"உங்களுக்கு உங்கடை அறை இருக்குத்தானே அண்ணை. அந்தத் திறப்பை அனுப்பினா இடைக்கிடை திறந்து காத்துப் பட விடுவன்."

"அது பூட்டினபடி இருக்கட்டும். திறந்தா தூசி அடையும்."

தூசியைப் பற்றி எங்கள் தீவுக்காரருக்குக் கனடாவிலிருந்து வகுப்பு எடுக்கிறார்.

காரைநகரிலிருந்து ஓர் ஓடாவியைப் பிடித்தேன். கதவு, யன்னல், கட்டில் எல்லாம் செய்கிற தச்சுக்காரன். வயதில் இளையவன், காதில் எப்போதும் தொலைபேசி. வந்ததும் அறையைப் பார்க்கவில்லை, வீட்டில் ஆண்கள் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தான். இல்லை என்றதும் அண்ணனின் இலக்கத்தை வாங்கி, என் முன்னாலேயே அவருடன் வீடியோவில் கதைத்தான்; என் அறைக்கு என்ன செய்வது என்று இருவருமாகத் தீர்மானித்தார்கள். யன்னலைக் கழற்றிவிட்டு அலுமினியமும் கண்ணாடியும் போடுவதாம். கதவை முதிரை மரத்தில் செய்வதாம். இடையில் ஒரு முறை என்னைக் காட்டி, "அக்காவும் பக்கத்திலைதான் நிக்கிறா," என்றான். நானும் ஒரு சாமான் என்றுதான் சொன்னானாக்கும்.

அந்த யன்னல் தென்மேற்கைப் பார்த்தது. சோளகம் வீசுகிற மாதங்களில் காற்று நேராக வந்து நெஞ்சில் மோதும். அதை அடைத்துவிட்டு ஏசி போடச் சொல்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? யன்னலில் கை வைக்கக் கூடாது என்றேன். மரமும் வாங்கத் தேவையில்லை என்றேன். வளவில் ஒரு புயலுக்கு விழுந்த வேம்பை அரிந்து பின் கொட்டிலில் அடுக்கி வைத்திருந்தேன். நன்றாகக் காய்ந்த பலகை. கறையானும் கிட்ட வராத கசப்பு. ஓடாவி அதைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். வேம்பு ஏழை வீட்டு மரம் என்று நினைப்பு. பிறகு வேறு வழியில்லாமல் கதவைச் செய்து, கொண்டுவந்து, நிலையில் மாட்டினான்.

மாட்டி முடித்ததும் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் வெளிப்பக்கத்தில் இருந்தது.

"தம்பி, நான் உள்ளுக்கெல்லோ போடச் சொன்னனான்."

"அறைக்குத் தாழ்ப்பாள் வெளியிலைதானே அக்கா போடுறது. உள்ளுக்குப் போட்டா, நீங்கள் கோயிலுக்குப் போகேக்கை என்னெண்டு பூட்டுவியள்?"

"நான் போகேக்கை பூட்டத் தேவையில்லை. இருக்கேக்கைதான் பூட்டவேணும்."

அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவனைப் பெற்ற வீட்டிலும் தாழ்ப்பாள் வெளியேதான் இருந்திருக்கும். கடன் கேட்டு வருகிறவனுக்கும் கள்ளனுக்கும் எதிராகக் கதவு செய்யத் தெரியும். உள்ளே இருக்கிற ஆளுக்காகக் கதவு செய்வது அவன் கேள்விப்படாத சங்கதி. நாளைக்கு வந்து மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. கூப்பிட்டால், "பாதை ஓடேல்லை அக்கா," என்பான். பாதை என்பது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற மிதவை. அது ஓடிக்கொண்டிருப்பதை நான் கடற்கரையில் நின்று பார்த்தபடியே அவனுடைய பதிலைக் கேட்டிருக்கிறேன்.

"நீர் வரவேண்டாம்," என்றேன் கடைசியில். "நானே பாக்கிறன்."

தாழ்ப்பாளைக் கழற்றி உட்பக்கம் போடுவதற்குள் எனக்கு ஒரு முழு நாள் போயிற்று. ஸ்குரூ ஆணிகளை அந்த மகாராசன் திருகாமல் சுத்தியலால் அடித்து இறக்கியிருந்தான். அவற்றைப் பிடுங்கியபோது கதவில் எலி கடித்தது போல ஓட்டைகள் விழுந்தன. அந்த ஓட்டைகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான கோபம் வந்தது. இவ்வளவு மோசமாக ஒரு வேலையைச் செய்ய என்னாலும் முடியும், அதற்கு எதற்கு ஓடாவி என்று தோன்றியது. தச்சு வேலைக்கு நான் வந்த கதை இதுதான். இதில் ஆர்வமும் கிடையாது, கலையும் கிடையாது.

கட்டிலையும் நானே செய்வது என்று ஊர்காவற்றுறையில் ஒரு வாளும் சீவுளியும் துளை போடுகிற மெசினும் வாங்கினேன். பிறகு தொலைபேசியில் வீடியோக்களைப் பார்த்தேன். அவற்றில் வருகிற வெள்ளைக்காரர்களை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அவர்களுடைய தரை ஆஸ்பத்திரி போலச் சுத்தமாக இருக்கிறது. கடினமான இடம் வந்ததும் படத்தை வெட்டி, முடித்த பலகையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். பனைமரத்தில் அரிந்த சலாகையில் ஆணி அடித்துக் காட்டட்டும் பார்ப்போம். கட்டிலுக்குக் குறுக்கே போட அதைத்தான் எடுத்தேன், வளவில் கிடந்தது. முதல் ஆணி வளைந்தது, இரண்டாவது ஆணி தெறித்துக் கோழியை விரட்டியது, மூன்றாவதுக்கு என் பெருவிரல் குறுக்கே நின்றது. பனைக்கு முதலில் துளை போட வேண்டும், பிறகுதான் ஆணி. அதன் சிராய் உள்ளங்கையில் ஏறினால் ஒரு கிழமைக்குச் சோறு குழைக்க ஏலாது. இதை எந்த வீடியோவும் சொல்லவில்லை.

கோடு போட்டு அறுக்கும்போது வாள் கோட்டின் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் யாரும் சொல்லவில்லை. கோட்டின் மேலேயே அறுத்தேன். வாளின் பல்லளவு மரம் தூளாகப் போகும் என்பது நினைவில் இல்லை. கட்டிலின் ஒரு பக்கச் சட்டம் மற்றதைவிடக் கட்டையாகிவிட்டது. அதைச் சமாளிக்கச் செருகிய துண்டு இன்னும் இருக்கிறது. போர்வை போட்டால் தெரியாது. அலுவலகத்தில் முப்பது வருடமாகப் பெரியவர்கள் செய்த பிழைகளைப் போர்வை போட்டுத்தான் மூடினோம், கட்டிலுக்கு மட்டும் ஏன் கூடாது?

இந்தக் காலத்தில் தம்பிக்குப் பாசம் பொங்கியது. யாழ்ப்பாணத்துக் கடை ஒன்றில் சொல்லி எனக்கு ஓர் அலுமாரி அனுப்பினான். பெட்டியில் வந்த பலகைகளைத் திறப்பு மாதிரி ஒரு கம்பியால் திருகிப் பூட்ட வேண்டும். வெள்ளை வெளேரென்று கலியாணப் பெண் போல நின்றது. மரத்தூளை அழுத்தி ஒட்டிய அட்டை என்று எனக்குத் தெரியும். முதல் மாரி மழைக்கு அடிப்பக்கம் தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்துப் போல ஊதிவிட்டது. உப்புக் காற்றில் பிணைச்சல்கள் துருவேறி, கதவு ஒன்று என் கையோடு வந்தது. தம்பி படம் கேட்டான். நல்ல பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். இரண்டு இதயம் போட்டான்.

மாரி என் வேலையையும் விடவில்லை. சோளகத்தில் கச்சிதமாகப் பொருந்திய கதவு கார்த்திகையில் உப்பி நிலையோடு இறுகிக்கொண்டது. தள்ளித் திறக்கத் தோள் வேண்டியிருந்தது. அதைவிட மோசம், தாழ்ப்பாள் தன் துளைக்கு நேரே வரவில்லை, அரை விரல் கீழே நின்றது. ஈரம் வந்தால் மரம் பெருக்கும் என்று தெரியாமல் கதவின் விளிம்பைச் சீவுளியால் ஆத்திரம் தீரச் சீவினேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்கியபோது பல்லி நடந்து போகிற இடைவெளி வந்துவிட்டது. அதை ஒரு மரச் சிம்பு வைத்து அடைத்தேன். பிறகு நிலையிலிருந்த துளையை அரத்தால் மேலும் கீழுமாக நீட்டினேன். மாரியோ கோடையோ, தாழ்ப்பாள் எப்படி நின்றாலும் உள்ளே போய் விழும். நான் செய்தவற்றில் ஒழுங்காக வந்தது அந்தத் துளை மட்டும்தான்.

முடித்த அன்று மத்தியானம் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன். டக் என்று ஒரு சத்தம். உடுப்பை மாற்றினேன், இரண்டு காலும் தரையில் நின்றன. யன்னலைத் திறந்து கட்டிலில் கிடந்தேன். கட்டில் முனகியது, முனகட்டும். வெங்காய மணம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது. துக்கம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான். என் முகம் எப்படிக் கோணினாலும் பார்க்க ஆள் இல்லை என்ற சந்தோஷம்.

அடுத்த ஆனியில் அண்ணனும் மச்சாளும், அதாவது அவருடைய மனைவி, நயினாதீவுத் திருவிழாவுக்கு வந்தார்கள். பல வருடங்களுக்குப் பிறகு வருகிறார்கள். அண்ணன் திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கொண்டுவந்திருந்தார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்ததால் திறப்பு வேலை செய்யவில்லை. என் வாளால் நான்தான் பூட்டு மாட்டிய, துரு தின்ற கம்பியை அறுத்தேன், அது மரம் அறுக்கிற வாள், அதன் பல்லும் போயிற்று.

கதவைத் தள்ளினார். உள்ளே வீடு கட்டிக் குடியிருந்தது கறையான். கட்டிலின் காலைத் தொட்டதும் உள்ளே ஒன்றுமில்லாமல் நொறுங்கியது. அலுமாரிக் கதவு வெறும் வார்னிஷ் தோலாக நின்றது. மெத்தைக்குள் மண் புற்று ஏறியிருந்தது. அதன் பொலித்தீன் உறை மட்டும் வாங்கிய அன்று போலவே மினுங்கியது. கதவுக்கு அடியால் புற்று வெளியே வந்ததை நான் முன்பே படமெடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன். பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. அதை இப்போது ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. அவர் தூசிக்குத்தான் பயந்தவர்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை, மச்சாளைப் பார்த்துச் சொன்னார்.

"இது வடிவாத்தான் செய்திருக்கிறாள். நாங்கள் இதிலை படுப்பம். அவள் வழமையா ஹோலிலைதானே படுக்கிறவள்."

"இப்ப நான் இதிலைதான் படுக்கிறனான் அண்ணை," என்றேன். "உங்களுக்கு ஹோலிலை பாய் விரிச்சுவிடுறன். சோளகம் நல்லா வரும்."

அவருக்கு நான் பகிடி விடுவதாகத்தான் தோன்றியது. சிரித்தபடி கதவைத் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளைக் கண்டார். அதை இழுத்தார், தள்ளினார்.

"உனக்கென்னத்துக்கு உள்ளுக்குத் தாழ்ப்பாள்? தனிய இருக்கிறாய். ஆர் வரப்போயினம்?"

"நீங்கள் வந்திருக்கிறியள்தானே."

அவருடைய முகம் கறுத்தது. வயது போகப் போக எனக்குக் குணம் கெட்டுவிட்டது என்றார். நகரத்தில் ஹோட்டல் எடுக்கப் போகிறோம் என்று தொலைபேசியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் யோசித்தார். கனடாவிலிருந்து வந்தவன் சொந்த வீடு இருக்க ஹோட்டலில் போய்க் கிடந்தான் என்று ஊர் கதைக்குமே. ஊர்வாய்க்கு இருக்கிற மரியாதை தங்கைக்கு இருந்திருந்தால் இந்த வீட்டில் எனக்கு எப்போதோ ஓர் அறை கிடைத்திருக்கும். தொலைபேசியைத் திரும்பச் சட்டைப் பைக்குள் போட்டார். நான் நல்ல பாய்கள் இரண்டு விரித்து, கழுவிய தலையணை உறை போட்டு, நுளம்பு வலையும் கட்டிக் கொடுத்தேன். மச்சாளுக்கு முழங்கால் வருத்தம் என்பதால் ஹோலில் கிடந்த மர வாங்கின் மேல் மெல்லிய மெத்தை ஒன்றும் போட்டேன். பிறகு என் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டேன்.

விடிந்ததும் வழக்கம் போல எழும்பி, உடுத்து, சீப்பால் தலையும் இழுத்து, கட்டிலில் இருந்தேன். வெளியே யாரோ நடக்கிற சத்தம், குசினியில் டப்பாக்கள் உருளுகிற சத்தம். பிறகு என் கதவில் மெதுவாக ஒரு தட்டு. கொஞ்சம் நின்று இன்னொரு தட்டு. அண்ணனின் மனைவி, அவரும் என்னை மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

"மச்சாள், எழும்பீட்டியளே? தேயிலை எங்கை வைச்சிருக்கிறியள்?"

இந்த வீட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கால் விரலைப் பிடித்து ஆட்டியிருக்கிறார்கள், தாண்டிப் போயிருக்கிறார்கள். எனக்காக ஒருவர் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை. நான் கட்டிலை விட்டு அசையவில்லை.

"உடுப்பு மாத்திறன் மச்சாள்," என்றேன். "கொஞ்சம் பொறுங்கோ."